சட்டைப் பைக்குள் இருந்த ஒட்டு

ராயபுரம்
12-3-1949

அத்தான் அவர்களுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சனிக்கிழமைகளில் மாதா கோயில் கூடத்தில் பெண்களுக்கு ஒட்டுப்போர்வை தைக்கக் கற்றுக்கொடுக்கிறேன். பிள்ளைக்குப் போர்வை என்றால், தகப்பன் உடுத்திப் பழசான துணி ஒன்றாவது அதில் இருக்க வேண்டும். இது நான் வைத்த சட்டம். காட்டுப்பள்ளியிலிருந்து மீன் விற்க வரும் அங்கம்மாவுக்கு இது ஏழாம் மாதம். இன்று ஒரு கோடு போட்ட சட்டையைக் கொண்டுவந்தாள்.

சட்டைப் பையின் தையலைப் பிரித்தேன். உள்ளே என் கல்யாணச் சேலையின் ஊதாத் துண்டு. இடக்கைக்காரி நான் தைத்த தையல், எல்லாம் மறுபக்கம் சாய்ந்திருந்தது. ரங்கூன் கப்பலுக்கு நீங்கள் போட்டுக்கொண்டு போன சட்டை. அந்தக் கப்பல் மூழ்கி ஏழு வருஷம் ஆகிறது.

பழைய துணிக்காரனிடம் வாங்கினாயா என்று கேட்டேன்.

"இல்லக்கா, எங்க வூட்டுக்காரரு சட்டைதான். கையில நங்கூரம் பச்ச குத்திகினு கீறாரு. அதுக்குக் கீழ அவுங்க அம்மா பேரு." சிரித்துக்கொண்டே அந்தப் பெயரையும் சொன்னாள்.

அது உங்கள் அம்மா பெயர் இல்லை, என் பெயர்.

அவளுக்கு எதுவும் தெரியாது. போர்வைக்கு அளவு எழுதித் தருவதாகச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். படிக்கத் தெரியாதவள், எதிரே உட்கார்ந்து எனக்கு ஊசி கோர்த்துத் தருகிறாள். உங்களிடம் காட்டச் சொல்லி அவளிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் ஆண்டுப் பூசை. சாமியாரிடம் சொல்லியாகிவிட்டது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களே வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விதவை