நடுவில் போட்ட மிக்ஸர் மேசை

காரைக்குடி
12.7.1996

அன்புள்ள சகாயராணிக்கு,

நீயும் பாப்பாவும் மாமாவும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். எனக்கு இங்கே சாப்பாட்டுக்குக் குறையில்லை.

போன வாரம் கானாடுகாத்தானில் ஒரு கச்சேரிக்கு மைக்செட் கட்டினோம். வழக்கம்போல, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் மேசையை மேடைக்குப் பக்கத்தில், தூண் மறைவில் போடச் சொன்னார்கள். அங்கே உட்கார்ந்தால் கூட்டத்துக்கு என்ன கேட்கிறது என்று தெரியாது. கொஞ்ச நாளாக என் வேலையில் பிழை வருவது அதனால்தான் என்று நினைத்திருந்தேன். இந்த முறை விடாமல் சண்டை போட்டேன். விழா நடத்திய சாத்தப்பன் ஐயா, "சரி, நடுவுலயே போட்டுக்கங்க. ஆச்சிமாரை அங்குட்டுத் தள்ளி உக்காரச் சொல்றேன்" என்றார்.

இரண்டாவது பாட்டில் கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது. பாட்டு பிடித்துவிட்டதாக்கும் என்று சிரித்தேன். எங்கள் மைக்செட் முதலாளி ஓடிவந்து சத்தத்தைக் குறைத்தார். "இம்புட்டு நேரமா மைக் வீல்னு கத்துதே, உங்களுக்குக் கேக்கலையாண்ணே?"

இருந்ததிலேயே நல்ல இடத்தில் உட்கார்ந்திருந்தேன், ராணி. எனக்குக் கேட்கவே இல்லை.

மதுரை டாக்டர் நரம்புக் கோளாறு என்கிறார். போனது திரும்பாதாம், மிச்சமும் மெல்லப் போய்விடுமாம். நீ அழாதே. திங்கள்கிழமையிலிருந்து எனக்கு வயர் சுருட்டுகிற வேலை.

என் பழைய போர்வையை யாரிடமாவது கொடுத்தனுப்பு. இனி எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அலைய வேண்டாம், கடிதமே போடு. தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. பாப்பா பேச ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். என்னென்ன சொல்கிறாள் என்று ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பு.

உன்
ததேயுஸ்