கரப்பான் மருந்தும் அப்பாவின் அட்டைப்பெட்டிகளும்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், உன் அப்பாவும் சுகம், அவருடைய இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ. கண்ணு என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். அந்தப் போன் பகல் முழுக்க உன் அப்பாவின் சட்டைப்பையில்தான் இருக்கிறது, நீ கூப்பிட்டால் தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தமாக வைத்துக்கொண்டுதான் பேசுகிறார், அவர் காதுபட இதையெல்லாம் என்னால் சொல்ல முடியாது. இப்போது முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். சலூன்காரரிடம் பேச உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார், அவர் வருவதற்குள் எழுதி ஒட்டித் தபாலில் போட்டுவிட வேண்டும். இந்த வீட்டில் கரப்பான் ஒழிய வேண்டும் என்றுதானே நீ அங்கே இருந்துகொண்டு இத்தனை ஆட்டம் ஆடுகிறாய், அது ஒழிய வேண்டுமானால் நீ உன் அப்பாவுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த மருந்து விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் ஒருத்தி குத்துக்கல் மாதிரி இருக்கிறேன், சமையலறை என் சமையலறை, கரப்பான் என் கரப்பான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா. அச்சகத்தில் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று நின்று காதைத் தொலைத்த மனிதரிடம் போய் மருந்து போடும் முறையைப் போனில் சொல்கிறாய். அன்றைக்கு அவர் உன்னிடம் மூட்டு வலி என்றும் புலம்பினார், கரப்பான் தொல்லை என்றும் புலம்பினார். நீ இரண்டையும் கேட்டுவிட்டு, 'மருந்து அனுப்பறேன்பா, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி மூலைக்கு மூலை கொஞ்சம் தடவி விடுங்க' என்றாயாம். அவர் காதில் விழுந்தது மூட்டுக்கு மூட்டு. அவரைக் குற்றம் சொல்லாதே. விஷத்தைப் போய் மருந்து என்று சொல்லிப் பழகியிருக்கிறோமே, நம் வாயைத்தான் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து. அதுவும் நீ மேலட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டு வெறும் டியூப்புகளாக அனுப்பியிருக்கிறாய், அதன்மேல் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து, ஒரு கரப்பான் படம்கூட இல்லை. மனிதர் தினமும் படுக்கப்போகும் முன் துணியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, பட்டாணி அளவு பிதுக்கி, பயபக்தியாகத் தேய்த்துக்கொண்டார். அது என்ன என்று கேட்டதற்கு, 'பையன் அனுப்பின தைலம், வலி பாதி பறந்துபோச்சு' என்றார். பிள்ளைப் பாசம் வேலை செய்கிறது போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம் நீ கூப்பிட்டாய். 'குறைஞ்சுதாப்பா?' என்று கேட்டாய். 'நல்லாக் குறைஞ்சிருக்கு, மாடிப்படி ஏறறப்ப மட்டும்தான் வருது' என்றார் அவர். நீ உடனே, 'மாடிப்படி வரைக்கும் வந்துடுச்சா, அப்பக் கொஞ்சம் கூடவே தடவுங்க' என்றாய். நான் அடுப்படியில் நின்று இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தேன், மூட்டு வலி எப்படி மாடிப்படி வரைக்கும் வரும் என்று உறைத்தது. ஓடிவந்து போனைப் பிடுங்கி என்ன மருந்துடா அது என்று கேட்டேன், கரப்பானுக்கு என்றாய், அவர் அதை எங்கே தடவிக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன், நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன். நீ சிரித்து முடிப்பதற்குள் நான் அவரைக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பக்கத்து வீட்டு நர்ஸைக் கூப்பிட்டேன். அந்தப் பெண் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டியூப்பில் இருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தாள், வாயில் போகாததால் தப்பித்தார், கையைக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடியிருக்க வேண்டும் என்றாள். மறுநாள் முழங்கால் முழுக்கத் தடித்துச் சிவந்து ஒரே அரிப்பு. தோலில் வரும் சொறிக்கும் கரப்பான் என்றுதானே பெயர், 'கரப்பான் மருந்து போட்டுக் கரப்பான் வந்த ஒரே ஆள் நீங்கதான் ஐயா' என்று நர்ஸ் வேடிக்கையாகச் சொன்னாள். உன் அப்பா சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீயும் சிரித்திருக்க மாட்டாய். இப்போதெல்லாம் ரத்த அழுத்த மாத்திரையைக்கூட என் கையில் கொடுத்து, 'இது எனக்குத்தானா, பாரு' என்று கேட்டுவிட்டுத்தான் விழுங்குகிறார்.

அதோடாவது விட்டாயா, போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் மருந்தடிக்க இரண்டு ஆட்களை அனுப்பிவைத்தாய். முகத்தை மூடிக்கொண்டு முதுகில் மருந்து டாங்க்கைச் சுமந்துகொண்டு வாசலில் நிற்கிறார்கள். 'சார் ஆன்லைன்ல புக் பண்ணியிருக்கார், பாத்திரத்தையெல்லாம் வெளியில எடுத்துட்டு நீங்களும் கிளம்பிடுங்க, சாயங்காலமா வந்தாப் போதும்' என்கிறார்கள். என் வீட்டை விட்டு என்னைக் கிளம்பச் சொல்ல அவர்கள் யார், அவர்களைச் சொல்லவைக்க நீ யார். தூசி தட்டினாலே உன் அப்பாவுக்கு மூச்சு இளைக்கும், அது உனக்குத் தெரியாதா. பகலில் மனிதன் நிற்கக் கூடாத அடுப்படியில் சாயங்காலம் வந்து நான் சமைத்து அவருக்குப் போட வேண்டுமா. நல்ல வார்த்தையாகச் சொல்லித் திருப்பி அனுப்பினேன், அவர்களைத் திட்டி என்ன பயன், திட்டு வாங்க வேண்டிய ஆள் கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறான். இனிமேல் யாரையாவது அனுப்பினால் உன் பெயரைச் சொன்னாலும் கதவு திறக்காது.

நான் ஒன்றும் கரப்பானுக்குக் குடித்தனம் வைத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தண்ணீருக்கும் தீனிக்கும் ஒளிந்துகொள்ள இடுக்குக்கும்தான் அது நம்மைத் தேடி வருகிறது, அந்த மூன்றையும் பிடுங்கிக்கொண்டால் அது எதற்கு இங்கே கிடக்கப்போகிறது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது, குழாய்க்காரரை விடாமல் நச்சரித்து வரவழைத்துச் சரிசெய்தேன். அந்தக் குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தில் விரல் போகிற அளவுக்கு ஓட்டை, அதை வெள்ளைச் சிமெண்ட் வைத்து அடைத்தேன், குழைத்துக் கொடுத்தது உன் அப்பாதான், டார்ச் பிடித்ததும் அவர்தான். சாக்கடைத் துளைக்குச் சல்லடை போட்டாயிற்று. படுக்கும் முன் தொட்டியைத் துணியால் ஈரமில்லாமல் துடைத்து, அந்தத் துணியையும் பிழிந்து வெளியே கொடியில் போட்டுவிடுகிறேன், ஈரத் துணியை உள்ளே விட்டால் அதுவே அவற்றுக்குத் தண்ணீர்ப் பந்தல். சர்க்கரை, அரிசி எல்லாம் திருகு மூடி டப்பாவுக்குப் போய்விட்டன, அடுப்புக்குப் பின்னால் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி எடுத்தேன், குப்பையை இரவு தங்க விடுவதில்லை. அதையும் மீறி எதிரில் வருவதன்மேல் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினால் அங்கேயே மல்லாந்துவிடுகிறது, கீழே சிந்தினாலும் தரைதான் சுத்தம். எறும்பு வரிசையையும் அதே தண்ணீரால் துடைத்துவிடு, மோப்பம் போய்விட்டால் வழி தெரியாமல் கலைந்துவிடும். அங்கே உன் வீட்டிலும் கண்ட விஷத்தையும் அடித்துக்கொண்டிருக்காதே, மருமகளிடமும் சொல்.

சமையலறை அடங்கிவிட்டது. ஆனாலும் கூடத்தில் விளக்கைப் போட்டால் ஒன்றிரண்டு ஓடுகின்றன. கூடத்தில்தான் என் தையல் மெஷின் இருக்கிறது, தைத்து முடித்ததை அங்கேதான் தொங்கவிடுகிறேன், அடுத்தவர் துணியில் கரப்பான் அசிங்கம் செய்து வைத்தால் நான் யாருக்கு என்ன பதில் சொல்வது. எங்கிருந்து வருகின்றன என்று பின்னாலேயே போனால் உன் அறைக் கதவுக்கு அடியில் நுழைகின்றன. உன் அறையை இப்போது பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது. கட்டில் தெரியாது, ஜன்னல் தெரியாது, கூரை முட்ட காலி அட்டைப்பெட்டிகள். நீ சாமான் அனுப்பிய பெட்டிகள், மின்விசிறி வந்த பெட்டி, மளிகைக் கடையில் கெஞ்சி வாங்கி வந்த பெட்டிகள். பெட்டி சேர்ப்பது தெரியும், இவ்வளவு என்று தெரியாது, கதவைப் பூட்டிச் சாவியை அவர்தான் வைத்திருந்தார். சாவியை வாங்கி ஒன்றைப் பிரித்தேன், மடிப்புக்கு மடிப்பு முட்டைக்கூடு, குஞ்சுகள் சிதறி என் கைமேலே ஏறின. அட்டையின் நெளிவுக்குள் ஒளிய இடம், ஒட்டிய பசையே தீனி, அதற்கு இதைவிட என்ன வேண்டும். அத்தனையையும் அள்ளி வெளியே எறியப் போனேன், உன் அப்பா அறை வாசலில் குறுக்கே வந்து நின்றுகொண்டார். இத்தனை வருடக் குடித்தனத்தில் என்னிடம் குரலை உயர்த்தாத மனிதர், 'ஒண்ணைத் தொட்டாலும் பார்த்துக்கோ' என்று கத்தினார். எதற்கு இந்தக் குப்பை என்று நானும் கத்தினேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், நன்றாகப் படி. 'பையன் வந்து கிளம்புங்கன்னு நிக்கறப்பப் பெட்டிக்கு எங்க போய் அலையறது, அவனுக்கு லீவே நாலு நாள்தான் கிடைக்கும்' என்றார்.

உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. கடைசியாக வந்து போனபோது காரில் ஒரு காலை வைத்துக்கொண்டு, 'அடுத்த தடவை வரப்ப உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடறேன், சாமானையெல்லாம் கட்டி வைங்க' என்றாய். கிளம்பும்போது பிள்ளைகள் சொல்வதுதான் என்று நான் அன்றைக்கே அதைக் காற்றில் விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. எது பாத்திரத்துக்கு, எது புத்தகத்துக்கு என்று அளந்து பிரித்து வைத்திருக்கிறார், மிக்ஸியை ஒரு பெட்டியில் வைத்துப் பார்த்துத் திரும்ப எடுத்திருக்கிறார். மருமகள் உங்கள் புது வீட்டைப் போனில் சுற்றிக் காட்டினாளே, ஓர் அறை உங்களுக்கு, இன்னோர் அறை உன் ஆபீஸ் மேசைக்கு, அதோடு வீடு முடிந்துவிட்டது, எனக்குப் புரிந்துவிட்டது. உன் அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, 'அந்த ஜன்னலோரம் என் நாற்காலியைப் போட்டுக்கலாம்' என்றார்.

எனக்கு அங்கே வரும் ஆசை இல்லை, இந்த வீட்டில் எந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அடைத்துக்கொண்டு இங்கேயே இருந்துவிடுவேன். எங்களைக் கூட்டிப்போகவில்லை என்று எனக்குக் கோபமும் இல்லை. முடியாது என்பதைச் சொல்லாமல் ஒவ்வொரு தடவையும் 'பார்க்கலாம்பா' என்று மழுப்புகிறாயே, அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நீ ஒரு பார்க்கலாம்பா சொன்னால் இங்கே ஒரு பெட்டி ஏறுகிறது. அவரிடம் பேசு. கூட்டிப்போகும் எண்ணம் இருந்தால் என்றைக்கு என்று சொல், நல்ல பெட்டியாகப் புதிதாகவே வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் இல்லை என்று சொல். பூசி மெழுகாதே, வேலைக்கு ஓடிக்கொண்டே பேசாதே, ஓர் இடத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்.

எத்தனை கோபத்திலும் நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல், மனம் ஒத்து, நிறைவாக வாழ வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் என் வாயிலிருந்து வராது. வேளைக்குச் சாப்பிடு, நேரத்தோடு தூங்கு. பழைய அட்டை எடுக்கும் வண்டி மாதக் கடைசியில் வரும், அதற்கு முன் பேசிவிடு, மறந்துவிடாதே. நானே அவரிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன், பயனில்லை, கிளம்ப மனசில்லாமல் நான் கதை கட்டுகிறேன் என்பார். வருகிறேன் கூட்டிப்போகிறேன் என்று நீ சொன்னதை நம்பினவர், இல்லை என்பதையும் நீ சொன்னால்தான் நம்புவார்.

கோபத்தோடும் ஆசீர்வாதத்தோடும்
உன் அம்மா