நீங்கள் ஜாமீன் நின்ற பத்திரம்

என் அன்பு அப்பா,

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் கழித்து எழுதுகிறேன். வேறு யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. உங்கள் பேத்தி கோதை நடக்கிறாள். உங்கள் செருப்பில் காலை நுழைத்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போகிறாள். அதை எடுத்து உள்ளே வைக்க அம்மாவுக்கு இன்னும் மனம் வரவில்லை.

உங்கள் மருமகன் பம்பாயில்தான் இருக்கிறார். "என் மருமவன் வானத்துல போறாம்லே, நீங்க எல்லாம் மம்சாபுரம் பஸ்ஸுக்கே நில்லுங்க" என்று மில் வாசலில் நீங்கள் அளந்ததை இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒரு தனியார் விமானக் கம்பெனி அவரை வேலைக்கு எடுத்ததும், தங்கள் விமானத்தை ஓட்டப் பழகிவர வெளிநாட்டுக்கு அனுப்பியது. அதற்கு ஒரு பாண்டு பத்திரம். ஐந்து வருடம் விட்டுப் போகக் கூடாது. போனாலும் சரி, அவர்களே நீக்கினாலும் சரி, பயிற்சிச் செலவு முழுவதையும் கட்ட வேண்டும். ராஜபாளையம் வீட்டைக் காட்டி ஜாமீன் கையெழுத்துப் போட்டது நீங்கள்.

அவர் தயங்கினார். "யோசிக்காதிய மாப்ள. தொழில் சொல்லிக் குடுத்தவன்கிட்ட கொஞ்ச வருசம் இருந்துட்டுப் போறதுதான் முறை" என்றீர்கள். நூற்பு மில்லில் மாஸ்டராக இருந்தவர் நீங்கள். பழக்கிவிட்ட ஆட்கள் கோயம்புத்தூருக்கு ஓடிப்போவதைப் பார்த்து நொந்தவர். புதிதாகச் சேர்பவர்களின் பள்ளிச் சான்றிதழை வாங்கி மில் பீரோவில் பூட்டி வைத்தவர். அந்த நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை.

நேற்று சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவரிடம் பேசினேன்.

"சளி பிடிச்சு காது அடைச்சிருக்கு. பிளேன் எறங்கும்போது உள்ள ஊசி வச்சுக் குத்துது. பக்கத்துல கேப்டன் சொன்னது பாதி கேக்கல" என்றார்.

"லீவு கேக்க வேண்டியதுதான?"

"கேட்டேன். முன்ன ஒருத்தன் முடியாதுன்னான், இப்ப அவன் வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்குன்னு சிரிக்காங்க. நாளைக்கும் போகணும். வீடு போயிட்டா அத்தை எங்க போவாவ?"

ரிசீவரை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு இது தெரியுமா அப்பா? அவர்கள் மடியிலும் ஒரு கோதை தூங்கிக்கொண்டிருப்பாளே? பயிற்சிக்குச் செலவழித்தவர்கள் அதைக் கேட்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டும். 'இன்று என்னால் முடியாது' என்று சொல்லும் வாயையும் சேர்த்துக் கட்டிப்போடலாமா?

அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அரிவாள்மனையை மடக்கி வைத்தாள்.

"ஏட்டி, ஒங்கப்பா சர்டிபிகேட்டைப் பூட்டி வச்சது ஊருக்கே தெரியும். ஒருத்தன் வந்து மிஷின்கிட்டப் போனாலே கை நடுங்குதுன்னு அழுதான், அன்னைக்கே எடுத்துக் குடுத்து அனுப்புனது தெரியுமா? ஏன்னு கேட்டேன். பயந்தவனை நிப்பாட்டி வச்சா அவன் விரலு போயிரும், பொறவு நான் எப்படிச் சோறு திங்கன்னாவ."

"வீடும்மா…"

"போனாப் போகட்டும். மம்சாபுரத்துல ஒம் மாமியாகூடச் சண்டை போட்டுக்கிட்டே இருந்துட்டுப் போறேன். பிள்ளையத் தூக்கு, பூத்துக்குப் போவோம்."

உங்களுக்குத் தெரியும், மருமகன் வந்தால் அம்மா கதவுக்குப் பின்னால் நின்று, "சாப்பிடச் சொல்லு" என்று என்னிடம்தான் சொல்வாள். ஒரு நாளும் அவரிடம் நேராகப் பேசியதில்லை. அப்படிப்பட்டவள் பூத்தில் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"மாப்ள, நான்தான். நாளைக்கு ஏறாதிய. காது சரியாகட்டும்."

"அத்தையா?" என்றார். பிறகு அவர் அழுவது எனக்கும் கேட்டது.

இன்று அவர் ஏறவில்லை. டாக்டர் சீட்டோடு ஆபீசில் போய் நின்றிருக்கிறார். "எழுதி அனுப்புகிறோம்" என்று மட்டும் சொன்னார்களாம். என்ன எழுதுவார்கள்? எப்போது அனுப்புவார்கள்? தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன். அம்மா சும்மாதான் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். கிணற்றடியில் நின்று எதையோ பார்க்கிறாள். என்னைக் கண்டதும் வாளியை எடுக்கிறாள்.

நோட்டீஸ் வந்தால் ஜாமீன் நின்ற உங்கள் பெயருக்குத்தான் வரும். நானே கையெழுத்துப் போட்டு வாங்குவேன். உங்கள் சொல்லைப் பொய்யாக்க மாட்டோம், முடிந்தவரை கட்டுவோம். ஆனால் ஒரு வீட்டுக்காகப் பயந்துகொண்டு முடியாத உடம்போடு அவரை அந்த விமானத்தில் ஏற விடமாட்டேன். கோதை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யப் பயமாக இருக்கிறது அப்பா. வாசலில் கிடக்கும் உங்கள் செருப்பைத் தொட்டுச் சொல்கிறேன்.

நீங்கள் ஜாமீன் நின்றவரின் மனைவி,
உங்கள் மகள்