அண்ணன் உடம்பில் தூங்கும் கிருமி

எம்.ரெட்டியபட்டி,
4.2.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு நாங்கள் நலம். உங்களுக்கு வேறொருவருடைய நுரையீரலை வைத்து ஒரு வருஷமாகிறது. மூச்சு இழுக்கும்போது அது அயலார் பொருள் மாதிரித் தெரியுமா? கேட்கக் கூச்சந்தான், ஆனாலும் கேட்கிறேன்.

தங்கச்செல்விக்குச் சித்திரையில் காது குத்துகிறோம். அவளுக்கு இருப்பது ஒரே தாய்மாமன். "மாமன் மடி இல்லாம எப்படிக் காது குத்துறது?" என்கிறார் என் மாமியார். குணமாகிவிட்டதென்று நீங்கள்தானே எழுதினீர்கள்? பிறகு ஏன் தயக்கம்? எங்கள் ஊர்ப் புழுதி பிடிக்காமல் போய்விட்டதா?

தங்கை,
நாகஜோதி

லண்டன்,
20.2.1996

அன்புத் தங்கைக்கு,

கோபம் வேண்டாம். நுரையீரல் யாருடையது என்பதே பல நேரம் மறந்துபோகிறது. படியேறும்போது மட்டும் அந்த முகந்தெரியாதவருக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

தொல்லை வேறு. புது நுரையீரலை உடம்பு ஒதுக்காமலிருக்கத் தினமும் மாத்திரை. அதுவே உடம்பின் காவலையும் தளர்த்திவிடுகிறது. ஆபரேஷன் முடிந்த நாலாம் மாதம் காய்ச்சல், இளைப்பு. சிறுவயதில் தொற்றிய ஏதோ கிருமியாம். இத்தனை வருஷம் உள்ளே தூங்கிவிட்டு, காவல் தளர்ந்ததும் விழித்திருக்கிறது. மருந்தேற்றி அடக்கினார்கள். அடியோடு போகாதாம், திரும்பவும் தூங்குமாம்.

"சின்ன வயதில் கைக்குழந்தையைத் தூக்கி வளர்த்தீர்களா?" என்றார் டாக்டர். எச்சிலிலும் பரவுமாம். உன்னை இடுப்பை விட்டு இறக்காதவன் நான் என்றேன்.

இப்போது பிள்ளைகளின் சாதாரணச் சளிகூட எனக்கு ஆபத்து. சளியில்லாத குழந்தையென்றால் போய் வரலாம் என்றிருக்கிறார். டிக்கெட் எடுத்துவிட்டேன்.

அண்ணன்,
ராஜகுரு

எம்.ரெட்டியபட்டி,
28.4.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

அருப்புக்கோட்டைக்குப் போய்ப் போன் போட்டவள், "வராதீக" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அழுகை வந்துவிட்டது. முந்தின நாள்தான் பிள்ளைக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. "சளிதான, வரட்டுமே" என்றார் இவர். எனக்கு மனசு ஒப்பவில்லை.

என் எச்சிலா உங்களுக்குள் இத்தனை வருஷம் தூங்கியது? அப்படியானால் எனக்குள்ளும் தூங்குகிறதா? எனக்கு யார் கொடுத்தது, அம்மாவா? நான் தங்கச்செல்விக்குக் கொடுத்திருப்பேனோ? பருத்தி எடுக்கும்போதெல்லாம் இதே யோசனை.

விசேஷத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுப் போனார்கள். காது குத்தவில்லை. வேறு யார் மடியிலாவது உட்கார வைக்கலாம் என்றார்கள். "எம்புள்ளைக்கு மாமன் இருக்காக. அவுக வாரப்பக் குத்திக்கிறலாம்" என்றேன். மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

டாக்டரிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள் அண்ணே. பிள்ளைகளுக்கு எந்த வயசில் மூக்கு ஒழுகுவது நிற்கும்?

தங்கை,
நாகஜோதி