உன் பெயர் இல்லாத அறிக்கை

இன்று காலை அலுவலகப் படிக்கட்டைப் பச்சைச் சவர்க்காரம் கரைத்துத் துடைத்திருந்தார்கள். ஈரம் காயவில்லை. அந்த வாசனையில் இரண்டாவது படியிலேயே நின்றுவிட்டேன். வகுப்புக்கு வரும்போது உன் கைகளில் இருந்த வாசனை அது.

விடியற்காலையில் உன் அம்மாவோடு சேர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்துவிட்டு, நீங்கள் குடியிருந்த புறநகரான ஹொல்ம்லியாவிலிருந்து ரயிலேறி வருவாய். வணிக நிர்வாகமும் அரசுக் கொள்கையும் சேர்ந்த இரட்டை முதுகலைப் படிப்பு. அந்த வகுப்பில் தமிழர் நாம் இருவர்தான்.

"திங்கக்கிழமை முதலாளி, செவ்வாய்க்கிழமை மந்திரி. புதன்கிழமைக்கு ஆரெண்டு தெரியேல்லை" என்று சிரிப்பாய்.

இறுதி ஆய்வை இருவரும் சேர்ந்தே எழுதத் தொடங்கினோம். பள்ளிகளின் துப்புரவு வேலையைத் தனியாரிடம் கொடுக்கலாமா என்று ஒரு நகரசபை எங்களிடம் அறிக்கை கேட்டிருந்தது. உன் அம்மாவின் பள்ளியும் அதில் அடங்கும். கொடுக்கலாம் என்று முடிவுரையை நான் எழுதினேன். கன்டீனில் உட்கார்ந்து அதை இருமுறை வாசித்தாய்.

"துடைக்கிற சனத்தோடை ஒருக்காலாவது கதைச்சனீயே?"

"அது எங்கடை கேள்விக்குள்ளை வராது."

"அப்ப கேள்வி பிழை."

ஒப்படைக்க ஒரு மாதம்தான் இருந்தது. அந்த அறிக்கையை நம்பி எனக்கொரு வேலையும் காத்திருந்தது. "உன்ரை அம்மா எண்டபடியாத்தான் இப்பிடிக் கதைக்கிறாய்" என்றேன்.

"ஓம். எனக்கு அம்மா. உனக்கு அவை ஆர்?"

கோப்பியைக் குடிக்காமலே எழுந்து போனாய். மறுநாள் உன் பெயரை எடுத்துவிடச் சொல்லி ஒரு வரி எழுதியிருந்தாய். எடுத்தேன். எனக்கு இரண்டு பட்டங்களும் கிடைத்தன. நீ வணிகப் படிப்பை விட்டுவிட்டு, கொள்கைப் படிப்புக்கென்று வேறோர் ஆய்வைத் தொடங்கினாய். அது முடியுமுன் நோய் வந்துவிட்டது.

அடுத்த ஆண்டே அந்த வேலைகள் தனியாருக்குப் போயின. புதிய நிறுவனம் உன் அம்மாவை எடுக்கவில்லை என்று வேறு யாரோ சொல்லித்தான் அறிந்தேன். உன் தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. ஒருநாள் மெட்ரோ நிலையத்தில், தலையைத் துணியால் சுற்றிக்கொண்டு நின்ற உன்னைக் கண்டேன். நீ ஏறி, ரயில் போகும்வரை தூணுக்குப் பின்னால் நின்றேன். உன்னைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

உன் செத்தவீட்டில் உன் அம்மா என்னைப் பக்கத்தில் இருத்தித் தேநீர் தந்தார்.

"உம்மைப் பற்றி ஒருநாளும் குறையாக் கதைக்கேல்லைப் பிள்ளை. ரெண்டு பட்டமும் எடுத்தவள், கெட்டிக்காரி எண்டுதான் சொல்லுவாள். இப்ப எங்கை வேலை?"

"நகரசபையிலை, அன்ரி."

"என்ரை வேலை ஏன் போனது, ஆர் இதைச் செய்யச் சொன்னது எண்டு அவளிட்டைக் கேட்டனான். தெரியாதெண்டிட்டாள். உமக்குத் தெரியுமே?"

"தெரியாது, அன்ரி" என்றேன்.

அதன் பிறகு அவரைப் பார்க்கவென்று இருமுறை ஹொல்ம்லியா வரை போனேன். இரண்டு முறையும் ரயில் மேடையிலேயே நின்றுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினேன். உன் அம்மாவிடம் நாம் இருவரும் சொன்னது ஒரே பொய். நீ அதை என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாய். நானும் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன்.