சத்திரத்தில் பார்த்த சம்பந்தம்

பாகூர், கார்த்திகை மாதம், 1936

சிரஞ்சீவி தணிகைவேலுக்கு, அப்பா எழுதுவது. என் முதுகைத் தவிர இங்கு எல்லாம் சுகம். சைகோனில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். ஏரி நிரம்பிக் கிடக்கிறது.

நானும் உன் அம்மாவும் தீபத்துக்கு அண்ணாமலைக்கு நடந்து போய் வந்தோம். உனக்குப் பெண் பேசிவைத்திருக்கும் சோரியாங்குப்பம் சிங்காரவேலுவும் குடும்பத்தோடு நடை என்று கிளம்பினார். பெயர்தான் நடை, மதகடிப்பட்டு தாண்டியதும் வண்டியில் ஏறிக்கொண்டு, ராத்தங்கும் சத்திரம் கண்ணில் பட்டதும் இறங்கி நாலு எட்டு நொண்டிக் காட்டினாராம், வண்டிக்காரனே சொல்லிச் சிரித்தான். முதலில் போய்ச் சேர்ந்த புண்ணியவான் ஒழுகாத மூலையை வளைத்துப் பாய்களை விரித்து, வந்தவர்களையெல்லாம் எங்க சம்பந்தி வராரு, எடமில்ல என்று விரட்டியிருக்கிறார். எவனோ தர்மத்துக்குக் கட்டிய சத்திரம், இவர் பாட்டன் சொத்து மாதிரி.

நாங்கள் நனைந்துகொண்டு போய் நின்றால், எங்களுக்குப் போட்ட பாயில் யாரோ ஒருத்தி கைக்குழந்தையோடு படுத்திருக்கிறாள். அப்பன் கிணற்றடிக்குப் போன நேரத்தில் அவர் மகள் அமுதம் கூப்பிட்டுப் படுக்கவைத்திருக்கிறாள். சிங்காரவேலு எங்கள் எதிரிலேயே அவளை எழுப்பப் போனார். அமுதம் குறுக்கே உட்கார்ந்து, புள்ள சொரத்துல கெடக்குதுப்பா, மாமா தூண்ல சாஞ்சிக்கினு தூங்குவாரு என்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஒழுகுகிற தூணில் சாய்ந்து கிடந்தேன். அவரோ மன்னிப்புக் கேட்டபடியே தன் பாயில் கால் நீட்டிக் குறட்டை விட்டார். அதை எனக்குக் கொடுக்கலாம் என்று அந்தப் பெரிய மனிதருக்குத் தோன்றவே இல்லை.

உன் அம்மா வழியெல்லாம் புலம்பல், மாமனாருன்னு ஒரு மட்டு மரியாத தெரியாத பொண்ணு நம்ம வூட்டுக்கு இன்னாத்துக்கு, வேற எடம் பாரு என்று. எனக்கும் கோபம்தான். ஆனால் விடிந்ததும் பார்த்தேன், குழந்தைக்குச் சுரம் இறங்கியிருந்தது, அமுதம் தன் பாயை உன் அம்மாவுக்கு விரித்துவிட்டு வெறுந்தரையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள், காலெல்லாம் கொப்புளம். அந்தக் குடும்பத்தில் வண்டியில் ஏறாமல் நடந்தே வந்தது அவள் ஒருத்திதான். ஊர் திரும்பியதும் தாம்பூலம் மாற்றிவிட்டேன். அப்பனுக்காக அல்ல, அந்த ஆளோடு இனி ஒரே திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைகூடப் போடமாட்டேன். உன் அம்மா என்னோடு பேசுவதில்லை, அது தானாகச் சரியாகும்.

வைகாசியில் கல்யாணம், கப்பலைப் பார்த்து வந்து சேர். அண்ணாமலையார் உங்கள் இருவரையும் நன்றாக வைக்கட்டும். அடக்கமான பெண்ணாகப் பாருங்கள் என்று எழுதியிருந்தாய், அது நடக்கவில்லை. மாமனாரையே ஈரத்தில் உட்காரவைத்தவள், நாளைக்கு உன் வாசலில் யாராவது நனைந்துகொண்டு நின்றால் உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கமாட்டாள். இப்போதே பழகிக்கொள்.

இப்படிக்கு உன் தகப்பன்,
நாகராஜன்