காலி ட்ராம் கணக்கு

அப்பா,

பீன்ஸ் சூப் அடுப்பில் இருக்கிறது. சீஸ் பனிட்சாவில் பாதி எனக்கு வை. வாலிபால் பயிற்சிக்குப் போகிறேன்.

நீ போட்டுத் தந்த வீட்டுப்பாடம் தப்பு. இருபது டன் காலி ட்ராமை நிறுத்த எவ்வளவு விசை வேண்டும் என்றுதான் கேள்வி. நீ எழுபது பயணிகளையும் நிறையில் சேர்த்துவிட்டாய். நேற்று டீச்சர் ஃபெயிலாக்கி, மறுதேர்வு எழுதச் சொல்லிவிட்டார். "உங்கப்பா நெசமாவே ட்ராம் டிரைவர்தானா?" என்று ஸ்தானிமிர் வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டான். அந்த எரிச்சலில்தான் இன்று காலை உன்னோடு பேசவில்லை.

மதியம் உன் ட்ராமில்தான் வந்தேன். பின்பக்கம் ஏறியதால் நீ பார்க்கவில்லை. ஒரு அம்மா இரண்டு கையிலும் முட்டை ட்ரேயோடு, எதையும் பிடிக்காமல் நின்றிருந்தார். சந்தை நிறுத்தத்தில் பிரேக் போட்டாய். அவர் கால்கூட நகரவில்லை.

ரலிட்சா

மறந்துவிட்டேன்: மறுதேர்வில் நான் காலி ட்ராமுக்கே விடை எழுதுகிறேன். ஓட்டும்போது நீ எல்லாரையும் சேர்த்தே கணக்குப் போடு.